அலை உடையாத இடம்

கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்டது பிரியாதான். நாலாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்றே ஆரம்பித்துவிட்டாள். அவள் வகுப்பில் கடலைப் பார்க்காத பிள்ளைகள் இரண்டே பேர் என்றும், அந்த இன்னொருத்தியும் இந்த லீவில் போகப்போகிறாள் என்றும் சொன்னாள். அவள் தம்பி முத்துகுமரனுக்கு ஐந்து வயது. அக்காள் கேட்டதால் அவனும் கேட்டான்.

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி யோசிக்காமல் சரி என்றார். அது மே மாதம். குற்றாலத்தில் அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறை காய்ந்துகொண்டிருந்தது. அவர் போலீஸில் ஏட்டு. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் அருவிக்கரையில்தான் வேலை. பிள்ளைகள் தூங்கின பிறகு வருவார், அவர்கள் எழுந்திருக்கும் முன் போய்விடுவார். மேலகரத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் அந்த மூன்று மாதமும் அவருடைய காக்கிக் கால்சட்டை ஈரமாகவே தொங்கும்.

பதினான்கு சீசன் அங்கே நின்றவர். அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தண்ணீரின் சத்தம் மாறுவது அவருக்குக் கேட்டுவிடும். மலையில் மழை பெய்தால் முதலில் சருகு வரும், அப்புறம் சுள்ளி வரும், அதற்குப் பின்னால் கல் வரும் என்பார். சருகு வரும்போதே அவர் விசில் ஊதிவிடுவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவன், தலையில் சோப்பு நுரையோடு நிற்கிறவன், யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே விடுவார். அவர் நின்ற இடத்தில் ஒரு உயிர் போனதில்லை. அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரியா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். மலையில் வெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண் கலந்து சிவக்கும். தண்ணீரைப் பார்த்துவிட்டு, “லேசா செவக்குத மாதிரி இருக்கே” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. விசில் ஊதினார். ஐந்நூறு பேர் ஈரத்தோடு காற்றில் ஒரு மணி நேரம் நின்றார்கள். தண்ணீர் சிவக்கவேயில்லை. பாறையில் விழுந்த வெயில்தான் அப்படிக் காட்டியிருக்கிறது.

“ஏட்டையாவுக்கு இனி விசிலே வேண்டாம். மதினியைக் கொண்டாந்து நிறுத்தினாப் போதும்” என்றார் கூட வேலை பார்க்கிறவர்களில் ஒருவர். அந்த சீசன் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், எழுந்து போனார். வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். பன்னிரண்டாம் நாள் உப்பு வேண்டும் என்று கேட்டார். அதன் பிறகு எல்லாம் பழையபடிதான். ஆனால் தண்ணீரைப் பற்றி அவரிடம் நான் வாயைத் திறந்ததில்லை.

நாங்கள் விடியும்போது கிளம்பினோம். அவர் தம்பியின் காரை வாங்கி வைத்திருந்தார். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும் கட்டியிருந்தேன். ஆலங்குளம் தாண்டியதும் பிள்ளைகளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

“யப்பா, கடலுக்கு எங்கருந்து தண்ணி விழும்?” என்றான் குமரன்.

“விழாதுலே. சும்மா கெடக்கும்.”

“கெடந்தா எப்படிக் குளிக்க?”

“எருமை மாதிரி நீயும் கெடந்து குளி.”

பிரியா சிரிக்கவில்லை. அவள் எதையும் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருந்துதான் கேட்பாள். “அங்கன யாருப்பா விசில் ஊதுவா?”

“ஒருத்தரும் ஊத மாட்டாங்க.”

“அப்போ எப்பம் வெளிய வரணும்னு எப்படித் தெரியும்?”

“நான் இருக்கேன்லாட்டி” என்றார் அவர், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அருவியில் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது. கடலோரச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து படகுகள் கரையில் ஏற்றிப்போட்டிருந்த ஒரு இடத்தில் நிறுத்தினார். ஓலைக் கொட்டகை ஒன்றின் கீழ் மூன்று நான்கு ஆண்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய வலையை மணலில் விரித்து ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஆள் இல்லை.

குமரன் கடலைப் பார்த்ததும் என் சேலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று வரிசையாக அலை வந்தது. ஒன்று உடைந்து முடிவதற்குள் பின்னால் இன்னொன்று எழும்பி நின்றது. அருவியின் சத்தம் விடாமல் ஒரே மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். இது விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் நடுவில் இருந்த அமைதியில், அடுத்தது எப்போது என்று உடம்பு காத்திருந்தது.

அவர் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். எந்த அருவியாக இருந்தாலும் நடுவில்தான் தண்ணீர் அடித்து விழும். ஓரத்தில் மெல்லிசாக ஒரு ஒழுக்கு இருக்கும். பிள்ளைகளை அந்த ஓரத்தில்தான் நிறுத்தவேண்டும். பதினான்கு வருடமாக அவர் தாய்மார்களிடம் சொல்லிவருவது அதுதான். நுரை இருக்கிற இடத்தில் வேகம் இருக்கிறது, சத்தம் இருக்கிற இடத்தில் பாரம் இருக்கிறது, பிள்ளையை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கடலிலும் ஒரு ஓரத்தைத் தேடினார்.

கிடைத்துவிட்டது. இடது பக்கமும் வலது பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்கு அலையே உடையவில்லை. தண்ணீர் கொஞ்சம் கருத்து, குளம் மாதிரிக் கிடந்தது.

“இங்கன பாரு. சத்தம் இருக்கா, நுரை இருக்கா? பிள்ளைகளுக்குன்னே விட்டு வச்சாப்புல இருக்கு” என்றார்.

அவர் அசட்டையாக இருக்கவில்லை. ஒரு கம்பைத் தேடி எடுத்துவந்து ஆழம் பார்த்தார். முழங்கால் வரை இறங்கி, கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று காலால் துழாவினார். ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தார். அருவியில் ஒரு மனிதன் என்னவெல்லாம் பார்க்கவேண்டுமோ அத்தனையும் பார்த்தார்.

பிள்ளைகளுக்குத் துணி மாற்ற மறைவு வேண்டியிருந்தது. நான் பிரியாவைக் கூட்டிக்கொண்டு கருவாடு காயப்போடுகிற பெண்ணிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மீனைத் திருப்பிப் போடுவதை நிறுத்தாமலே பேசினாள்.

“எங்கருந்து வாறிய?”

“தென்காசி.”

“அருவி ஊராக்கும். படகுக்கு அந்தப் பக்கம் போயி மாத்திக்கோங்க, ஒருத்தரும் வர மாட்டாவ.” பிறகு நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தாள். “அங்கன நிக்கது உங்க ஆளா?”

“ஆமா.”

“அந்த எடத்துல பிள்ளைகளை இறக்காதிய. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பி உள்ளுக்குப் போவுது. அதான் அங்கன அலை உடையல. ஆளை இழுத்துட்டுப் போயிரும். குளிக்கணும்னா இந்தா, அலை அடிக்குதுல்லா, இங்கன முட்டளவு தண்ணில நில்லுங்க. விழுந்தாலும் கரைக்குத்தான் தள்ளும்.”

“சொல்லிருதேன்” என்றேன்.

“இப்பமே போயிச் சொல்லிரு எம்மா. போன வருசம் ஒரு காலேஜ் பையன் அதுலதான் போனான்.”

பிரியா என் பக்கத்தில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து அவர் நின்ற இடத்துக்கு நூறு அடிகூட இருக்காது. நடந்துகொண்டே வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். அந்த இடம் சரியில்லையாம். அந்த அம்மா சொல்லுதாங்க. நீங்க நிக்கிற எடத்துல இழுக்குமாம். எப்படித் தொடங்கினாலும் முடிவில் ஒரே இடத்தில் வந்து நின்றது. கொட்டகையில் ஆண்கள் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, பிறகு தண்ணீரைப் பார்த்து, பிறகு அவர்களைப் பார்ப்பார். அந்தப் பதினோரு நாளையும் நான் நினைத்தேன். ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் பதினோரு நாள் என்ன என்று இப்போது யாரும் கேட்கலாம். அந்த நூறு அடியில் எனக்கு அப்படி ஒரு தராசு தெரியவில்லை. நல்ல நாள், நல்ல வெயில், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பதை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை.

“என்னத்தப் பேசிக்கிட்டு நின்ன?” என்றார்.

“துணி மாத்த எடம் கேட்டேன்.”

பிரியா தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.

அவர் குமரனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். “ஏட்டி பிரியா, வா” என்று கூப்பிட்டார். நான் அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். “அவ கொஞ்சம் சோறு தின்னுட்டு வருவா, காலைலயிருந்து ஒண்ணும் திங்கல” என்றேன்.

“தம்பி?” என்றாள் பிரியா, மெதுவாக.

“தம்பி அப்பாகூட இருக்கான்லா.”

ஒரு பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டேன். இன்னொரு பிள்ளையை விட்டேன். எந்தக் கணக்கில் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுவிட்டேன். கணக்கு எதுவும் இல்லை. கைக்கு எட்டினதை மட்டும் பிடித்தேன்.

அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குமரனைக் கீழே இறக்கி ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். அவன் முதலில் அலறினான். பிறகு குதித்தான். மறு கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பிளாஸ்டிக் கப் ஒன்று வைத்திருந்தான். அதில் தண்ணீரை மோந்து அப்பாவின் வயிற்றில் ஊற்றினான். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரியா சோற்றைத் தொடவில்லை.

கப் அவன் கையிலிருந்து நழுவியது. அது கரைக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பக்கமும் அலைகள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருக்க, அது மட்டும் எதிர்த்திசையில், அவசரமில்லாமல், ஒரு கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ளே போனது. அவர் அதை எட்டி எடுக்க நாலு எட்டு நடந்தார். குமரனும் கூடப் போனான். தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்தது.

“என்னங்க” என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். “என்ன?”

அது நான் சொல்லியிருக்கவேண்டிய நேரம். வாய் திறந்திருந்தது. அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

“வெயில் ஏறுது. அவனுக்குத் தொப்பி வேணுமா?”

“கடலுக்குள்ள என்னத்துக்குத் தொப்பி? கொட போட்டுக்கிட்டு அருவில குளிக்கச் சொல்லுவ போல” என்றார் அவர். குமரனும் சேர்ந்து சிரித்தான்.

அதன் பிறகு ஒரு நிமிடம் இருக்குமா? அவர் குமரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். அவர் கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். கால் எடுத்துவைப்பது தெரிந்தது. ஆனால் அவர் பக்கத்தில் வரவில்லை. இடுப்பளவு இருந்த தண்ணீர் நெஞ்சளவு ஆனது. காலுக்கடியில் மணல் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஒரு கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார்.

பிரியா எழுந்து நின்று பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

பிறகு அவர் தலையும் அவன் தலையும் மட்டும்தான் தெரிந்தன. அவர் கரையைப் பார்த்தே நீந்தினார். அருவித் தண்ணீரையே அறிந்தவர், ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர். கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் சுவர் வந்துவிடும்.

நான் ஓடினேன். என்ன சொல்லிக்கொண்டு ஓடினேன் என்று தெரியாது. அதற்கு முன்னமே அந்தப் பெண் பார்த்துவிட்டாள். கொட்டகையைப் பார்த்து அவள் ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்தார்கள். படகை மணலில் தள்ளத் தொடங்கினார்கள்.

“உன் ஆளுக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டாள்.

“கிணத்துல தெரியும்.”

அவள் தண்ணீரின் விளிம்புக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, “கரைக்கு நீந்தாதிய, மிதந்து கெடங்க, சும்மா கெடங்க” என்று கத்திக்கொண்டே இருந்தாள். நானும் அதையே கத்தினேன். அந்த வார்த்தைகள் அப்போது எவ்வளவு சுலபமாக வந்தன.

அவருக்குக் கேட்டதா, அல்லது கை ஓய்ந்துவிட்டதா, தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் நீந்துவதை நிறுத்திவிட்டார். அலைகளுக்கு அப்பால் கடல் மேடும் பள்ளமுமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது தலைகள் மறைந்தன. மேட்டில் தெரிந்தன. பிறகு ஒரு மேட்டில் எதுவுமே தெரியவில்லை. படகு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றது. இரண்டு பேர் குனிந்தார்கள். எதையோ தூக்கினார்கள். எத்தனை தடவை குனிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள். அவர் படகின் அடியில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. குமரனை ஒருவர் மடியில் சாய்த்துப் பிடித்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. மணலில் ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. பிறகு மூச்சு இழுத்தான். அழத் தொடங்கினான்.

“அழட்டும், அழுதா நல்லது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. உள்ள போன தண்ணி பெறவு வேலை காட்டும்” என்றார் படகுக்காரர்.

அந்தப் பெண் தன் துண்டை அவன்மேல் சுற்றினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். சொன்னாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். படகுக்காரர்களில் ஒருவர் எங்கள் காரை ஓட்டிவந்தார்.

ஆஸ்பத்திரியில் குமரனுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கிறது, ஒரு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்து, பயமில்லை, பிழைத்துக்கொண்டான், நாளை கூட்டிப் போகலாம் என்றார். டாக்டர் போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டேயிருந்தோம். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஒரு முனையில், நான் ஒரு முனையில், நடுவில் பிரியா. அவர் வேட்டி காய்ந்து விறைத்திருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஆழம் பாத்தேன், கல்லு பாத்தேன்” என்றார் பிறகு. யாரிடமும் சொல்வது போல் இல்லை. “தண்ணி கலங்கல. ஒரு சருகு வரல.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நம்ம ஊர்ல தெரியாத ஆளு ஒருத்தன் வழுக்குப் பாறையில கால் வச்சா, கடைக்காரன், எண்ணெய் தேய்க்கிறவன், எவனாவது ஒருத்தன் சத்தம் போட்டுருவான். இவங்க மீனைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வேடிக்கை பாத்திருக்காங்க. அந்தக் கருவாட்டுக்காரி நான் ஆழம் பாக்கும்போதே பாத்துக்கிட்டுதான் நின்னா. தெரிஞ்சேதான் நின்னிருக்கா.” அவர் குரல் உயர்ந்தது. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “பெறவு படகைக் கொண்டுவந்து காப்பாத்துதாங்களாம். ஒரு வார்த்தை முன்னாலயே சொன்னா என்ன?”

அவருக்கு அது தேவைப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. பதினான்கு வருடம் தண்ணீருக்கு முன்னால் நின்றவர், தன் பிள்ளையைத் தானே அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதை அவர் தனியாகச் சுமக்கமுடியாது. பாதியை எங்காவது இறக்கிவைக்கவேண்டும். இறக்கிவைத்த இடம்தான் தவறு. எனக்கு உரியதை அவர் அந்தப் பெண்ணின்மேல் வைத்தார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பதினோரு நாளோ, பதினோரு வருடமோ, பேசாமல் இருந்துகொள்ளட்டும். “என்னங்க” என்று தொடங்க மூச்சை இழுத்தேன்.

அதற்குள் அவர் பிரியாவிடம் திரும்பிவிட்டார். “ஏட்டி, நீயும் அம்மையும் அவகிட்டதான நின்னிய? அங்கன இறங்காதிய, கிறங்காதியன்னு ஏதாவது சொன்னாளா?”

பிரியா என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டாள்.

“இல்லப்பா. கருவாடு வேணுமான்னு கேட்டாங்க. அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா. பெறவு எந்த ஊருன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.”

அந்தப் பெண் கருவாடு வேண்டுமா என்று கேட்கவேயில்லை. நடக்காத ஒன்றை நடந்த ஒன்றின் பக்கத்தில் வைத்து, இடைவெளி தெரியாமல் சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. நான்கூட இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

“பாத்தியா” என்றார் அவர் என்னிடம். “யாவாரம் பண்ணத் தெரிஞ்சிருக்கு.”

இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. இப்போது நான் உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவள் பிரியா. அவர் அவளைத்தான் முதலில் பார்ப்பார். அவளிடமும் பேசாமல் இருப்பார். அவளுக்கு ஒன்பது வயது. எனக்காக அவள் கட்டிய சுவர் அது. அதை இடித்தால் அவள்மேல்தான் விழும். இடிக்காமல் விட்டால் அதற்குள்தான் அவள் இனி வளர்வாள்.

உள்ளே குமரன் விழித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டான். அவர் எழுந்து வேகமாகப் போனார். பெஞ்சில் இடம் காலியானது. பிரியா அந்தப் பக்கம் நகரவில்லை. என் பக்கம் நெருங்கி வந்து, தோளில் தலையைச் சாய்த்து, யாருக்கும் கேட்காத குரலில், “அப்பா இனி கேக்க மாட்டாங்கம்மா” என்றாள்.

நான் அவள் தலையில் கையை வைத்தேன். முடிக்குள் மணல் நெறுநெறுவென்று இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.